ஆரஞ்சைக் குத்தும் அந்துப்பூச்சி

மகாராஷ்டிர மாநிலத்தில் நாக்பூர், அமராவதி மாவட்டங்களில் ஆரஞ்சுத் தோட்டங்கள் அதிகம். ஜனவரி, பிப்ரவரியில் மரம் பூக்கும். மழைக்காலம் முடியும் சமயம் காய் நிறம் மாறும். வியாபாரி வந்து விலை பேசும் நேரம் அது. அப்போதுதான் பழம் உதிரத் தொடங்கும்.

விவசாயி பகலில் மரத்தைப் பார்க்கிறார். பூச்சி இல்லை. புழுவும் இல்லை. இருந்தாலும் கடன் வாங்கி மருந்து அடிக்கிறார். மறுநாளும் பழம் உதிர்கிறது. ஏன்?

உதிர்ந்த பழத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோலில் குண்டூசி குத்தியது போல் துளை இருக்கும். பழத்தை அமுக்கினால் துளை வழியே சாறு பீச்சும். பிறகு பழத்தை அறுத்துப் பாருங்கள். உள்ளே சின்னப் புழுக்கள் நெளிந்தால், அது பழ ஈயின் வேலை. புழு இல்லாமல், துளையைச் சுற்றி மட்டும் அழுகியிருந்தால், சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்தப் பூச்சி இரவில்தான் வரும். இருட்டியதும் டார்ச் விளக்குடன் தோட்டத்துக்குப் போக வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் இரண்டிரண்டு மரங்களைப் பார்த்தால் போதும். வெளிச்சம் பட்டால் பூச்சியின் கண் நெருப்புப் பொறி போல மின்னும். உள்ளங்கை அகலம் இருக்கும். முன் இறக்கை காய்ந்த சருகு மாதிரி. பின் இறக்கை ஆரஞ்சு நிறம், அதில் கறுப்பு அடையாளம். வாயில் கெட்டியான ஊசி போன்ற குழல் உண்டு. அதனால் தோலைத் துளைத்துச் சாற்றைக் குடிக்கும். அந்தத் துளை வழியே கிருமி புகுந்து பழம் அழுகும்.

சரி, இதன் புழு எங்கே? ஆரஞ்சு மரத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அது வேலியில் படரும் சீந்தில் கொடியின் இலையைத் தின்று வளர்கிறது. உடம்பின் பக்கத்தில் கண் போன்ற வட்டங்கள் இருக்கும். மரத்துக்கு மருந்து அடித்தும் பயன் இல்லாமல் போனது இதனால்தான். விற்கப் போகும் பழத்தில் விஷம் ஏறியதுதான் மிச்சம்.

ஆகவே வேலியையும் பார்க்க வேண்டும். சீந்தில் நல்ல மூலிகைதான். ஆனாலும் ஆரஞ்சுத் தோட்டத்து வேலியில் அது வேண்டாம். உதிர்ந்த பழங்களைத் தினமும் பொறுக்கிப் புதைக்க வேண்டும். அந்த வாடை மேலும் பூச்சிகளை இழுக்கும். இரவில் கண்ட பூச்சியை வலையால் பிடித்துக் கொல்லலாம். மாலையில் தோட்டத்தில் புகை போடுவதும் உண்டு.

பூச்சி தூரத்திலிருந்தும் பறந்து வரும். ஒருவர் வேலியை மட்டும் சுத்தம் செய்து, பக்கத்துத் தோட்டத்து வேலியில் கொடி அப்படியே இருந்தால், மறுபடியும் பழம் உதிரும். அக்கம்பக்கத்தார் சேர்ந்து, காய் நிறம் மாறுவதற்கு முன்பே, மழைக்காலத்தில் வேலிகளைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.