வங்கி கைக்குள் வந்தது. சாவி யார் கையில்?

பூட்டு வலுவாக இருந்தால் மட்டும் போதாது. சாவி உரியவர் கையில் இருக்க வேண்டும். இன்றைய விஞ்ஞான யுகத்தில் வங்கியே செல்போனுக்குள் வந்துவிட்டது. 2016ஆம் ஆண்டு யு.பி.ஐ. முறை தொடங்கியபின் மீன் கடையிலும் தேநீர்க் கடையிலும் செல்போன் மூலமே பணம் கைமாறுகிறது. அதன் பாதுகாப்பு முறை நம் கடற்கரை மக்களின் வாழ்க்கைக்குப் பொருந்துகிறதா என்று சற்றே சிந்திப்போம்.

வங்கி ஆப் நம்மை எவ்வாறு அடையாளம் காண்கிறது? கணக்கோடு பதிவு செய்த சிம் கார்டு போனில் உள்ளதா என்று முதலில் பார்க்கும். பின்னர், நாம் மட்டுமே அறிந்த பின் நம்பரைக் கேட்கும். வேறு சில வேலைகளுக்கு ஓ.டி.பி. என்னும் ஒருமுறை எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பும். ஆளுக்கொரு போன் உண்டு, அதற்கு எப்போதும் சிக்னல் உண்டு என்ற எண்ணத்தில் அமைந்த முறை இது.

பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் நிலைமை வேறு. 61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணம்கூட வங்கிக் கணக்கில்தான் வருகிறது. பல வீடுகளில் அந்தக் கணக்கும் நம்பரும் தந்தையுடையவை. இன்று புறப்படும் விசைப்படகு மறுநாள்தான் கரை சேரும். நடுக்கடலில் சிக்னல் இல்லை. திடீரென மருந்துச் செலவு வந்தால், ஓ.டி.பி. கடலில் உள்ள போனைத் தேடும்; தாய் கரையில் கையைப் பிசைந்து நிற்பார். ஆகவே பலர் போனை வீட்டில் வைத்து, பின் நம்பரையும் சொல்லிச் செல்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய் அதை அக்கம்பக்கத்தாரிடம் கூறி உதவி கேட்கிறார்.

ஆபத்து இங்கேதான். ரகசிய எண்ணைப் பிறரிடம் கூறியதால் பணம் பறிபோனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் நட்டம் முழுவதும் வாடிக்கையாளரையே சேரும் என்று 2017இல் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது.

குறுஞ்செய்தியும் பழைய தொழில்நுட்பமே. மோசடிக்காரன் நம் நம்பருக்கு வேறு சிம் வாங்கிவிட்டால் ஓ.டி.பி. அவனைச் சேரும். ஆகவேதான் 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள், கைரேகை போன்ற பிற வழிகளுக்கும் இடமளித்தன.

அன்னையரே! உங்கள் பெயரிலேயே கணக்கும், உங்கள் சொந்த நம்பரும் வைத்துக்கொள்ளுங்கள். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையில்லை, கேட்பவன் திருடனே. ஏமாந்தால் தயங்காமல் உடனே வங்கிக்கும், 1930 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள். தோழியரே! நாம் கற்ற கல்வியால் நம் தாய்மாருக்குச் சாவியைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்போமாக!