பிரேக் என்று நினைத்து கியரை மிதித்தார்! 26 ஆண்டுக்குப் பின் மோட்டார் சைக்கிள் ஏறியவருக்கு நேர்ந்த கதி

சென்னை அயனாவரத்தைச் சேர்ந்த அந்த கணக்கருக்கு வயது 57. தனியார் கம்பெனியில் வேலை. மகளுக்கு கல்யாணம் முடித்தாகிவிட்டது. வீட்டுக் கடனும் தீர்ந்தது. கையில் கொஞ்சம் பணம் நின்றது.

பணம் நின்றதும் பழைய ஆசை எழுந்தது. மோட்டார் சைக்கிள்!

1988-ல் மச்சானின் புல்லட்டில் ஓட்டிப் பழகியவர் அவர். பிறகு சொந்தமாகவே ஒரு புல்லட் வாங்கினார். 1999-ல் குடும்பச் செலவுக்காக அதை விற்றார். அன்று முதல் மாநகர பஸ், மின்சார ரெயில். மார்க்கெட்டுக்குப் போக மனைவியின் கியர் இல்லாத ஸ்கூட்டர். அவ்வளவுதான்.

2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்தது. விலை இறங்கிய செய்தியைப் படித்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“என்னங்க, இந்த வயசுல இது தேவையா?” என்றார் மனைவி.

காதில் விழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிக் கடைக்கு கிளம்பிவிட்டார்.

மயிரிழையில் தப்பிய சிறுவன்

கடையில் புது 350 சி.சி. வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். பின்னால் கடைப் பையன் உட்கார்ந்தான். முதல் தெரு அருமையாகப் போனது. 2-வது தெருவும் அப்படியே. நம்ம ஆளுக்கு 25 வயது குறைந்த மாதிரி இருந்தது.

3-வது தெரு முனை. தண்ணீர் கேன் கட்டிய சைக்கிளில் ஒரு சிறுவன் குறுக்கே வந்தான்.

கணக்கர் இடது காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். வண்டி நிற்கவில்லை! ஒரு உறுமல் உறுமிவிட்டு குலுங்கியபடி முன்னால் போனது. பதறிப்போய் கைப் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். தரையில் மணல். முன் சக்கரம் வழுக்கியது. வண்டி சாய்ந்தது.

சிறுவன் மயிரிழையில் தப்பினான். கடைப் பையன் குதித்துவிட்டான். கணக்கருக்கு முழங்காலில் 4 தையல்.

வலது காலா, இடது காலா?

நடந்தது என்ன? அவர் மிதித்தது பிரேக் அல்ல, கியர்!

1955 முதல் சென்னையில் தயாரான பழைய புல்லட்டில் கியர் வலது காலில் இருந்தது. பிரேக் இடது காலில். முதல் கியரை மேலே தூக்க வேண்டும். மற்றதெல்லாம் கீழே. மற்ற வண்டிகளில் இது நேர் எதிர். 2000-க்குப் பிறகு புல்லட்டிலும் படிப்படியாக கியர் இடது பக்கம் வந்துவிட்டது. பிரேக் வலது காலுக்குப் போனது. முதல் கியர் கீழே, மற்றவை மேலே.

இது கணக்கருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கடையிலேயே சொல்லித்தான் கொடுத்தார்கள். சாவகாசமாக ஓட்டியவரை சரியாகத்தான் ஓட்டினார். ஆபத்து வந்த ஒரு விநாடியில் 1988-ல் பழகிய கால் முந்திக்கொண்டது.

“கால் மறக்கல சார். அதான் வம்பு” என்கிறார் புதுப்பேட்டையில் பல வருஷமாக புல்லட் என்ஜின் பிரித்து மாட்டும் ஒரு மெக்கானிக். “ரொம்ப நாள் கழிச்சு வர்றவங்க யாரா இருந்தாலும் முதல்ல ‘என்னா வண்டி ஓட்டினீங்க?’னுதான் கேப்பேன்.”

எஸ்டி ஓட்டியவர்களுக்கு வேறு தொல்லை. அதில் கிக்கரே கியர். ஆர்.எக்ஸ்.100 ஓட்டியவர்கள் பழகியது 2 ஸ்ட்ரோக் என்ஜினில். ஆக்சிலேட்டரை விட்டாலும் அது உருண்டுகொண்டே போகும். இப்போதைய 4 ஸ்ட்ரோக் என்ஜின், விட்டதும் பிடித்து இழுக்கும். முன் பிரேக்கும் மாறிவிட்டது. பழைய டிரம் பிரேக்கை பலம் கொண்ட மட்டும் பிடித்துப் பழகிய கைக்கு டிஸ்க் பிரேக் புதுசு. 2 விரலால் பிடித்தாலே கவ்வும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கருவி 125 சி.சி.க்கு மேல் உள்ள புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். ஆனால் மணலில் வண்டியைத் திருப்பிக்கொண்டே பிரேக் பிடித்தால் அந்தக் கருவியும் கைவிட்டுவிடும்.

7 வருஷ காலாவதி

விஷயம் இதோடு முடியவில்லை. கணக்கரின் லைசென்சு 2018-லேயே காலாவதி! கடையில் தேதியை யாரும் பார்க்கவில்லை. சிறுவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் போலீஸ் வழக்கு ஒரு பக்கம், நஷ்ட ஈட்டுக்கு இன்சூரன்சில் சிக்கல் மறு பக்கம். சேர்த்து வைத்த பணம் எல்லாம் கோர்ட்டுக்குப் போயிருக்கும். (7 வருஷமாக அந்த லைசென்சில்தான் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறார் மனுஷன்!)

லைசென்சு முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டால் வெறும் புதுப்பிப்பு கிடையாது. மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். 40 வயதுக்கு மேல் டாக்டர் சர்டிபிகேட்டும் வேண்டும்.

எந்த வண்டி?

தையல் பிரித்ததும் கணக்கர் புதுப்பேட்டைக்குப் போனார். வலது கியர் உள்ள பழைய புல்லட்டையே வாங்கிவிட்டால் என்ன என்று யோசனை.

மெக்கானிக் தலையை ஆட்டினார். காலுக்கு அது பழக்கம்தான். ஆனால் பிரேக் பழசு. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதுவும் 5 வருஷத்துக்குத்தான். என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பைனான்ஸ் கடன் தீர்ந்ததா, போலீஸ் அபராதம் பாக்கி உண்டா என்றும் விசாரிக்க வேண்டும். திருட்டு வண்டி தலையில் கட்டப்பட்டால் ஸ்டேஷன் படி ஏறுவது வாங்கியவர்தான்.

“புதுசே வாங்குங்க. ஆனா உட்கார்ந்து பார்த்து வாங்குங்க” என்றார் மெக்கானிக்.

இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டு, சீட்டில் உட்கார்ந்தபடி காலால் பின்னுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பார்க்க வேண்டும். இதெல்லாம் கடை வாசலிலேயே தெரிந்துவிடும். சாலைக்குப் போகவே தேவை இல்லை.

350 சி.சி. புல்லட் சுமார் 195 கிலோ. அதே கம்பெனியின் ஹன்டர் 181. 125 சி.சி. வண்டிகள் இவற்றைவிட எடை குறைவாகத்தான் இருக்கும். தையல் போட்ட முழங்கால், 195 கிலோவை பின்னுக்குத் தள்ள முடியாமல் நடுங்கியது.

கணக்கர் 125 சி.சி. வாங்கினார். முகத்தில் சுரத்தே இல்லை.

8 போட்டார்

ஞாயிறுதோறும் காலை 5½ மணிக்கு ஆள் இல்லாத தெருவில் பயிற்சி. வேறு ஒன்றும் இல்லை, வலது காலால் பிரேக் பிடிப்பது மட்டும். போவது, நிறுத்துவது, போவது, நிறுத்துவது. 6 வாரம். பால்காரர் ஒரு நாள் “என்னா சார், வண்டி ரிப்பேரா?” என்று கேட்டாராம். 7-வது வாரம் ஆர்.டி.ஓ. மைதானத்தில் 20 வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று 8 போட்டுக் காட்டினார். பாஸ்!

இரண்டு ஹெல்மெட் வாங்கினார். மனைவி பின்னால் ஏறினார். புரசைவாக்கம் சிக்னலில் வண்டி நின்றபோது பக்கத்தில் ஒரு புல்லட் வந்து நின்றது. ஓட்டியவருக்கு 25 வயது இருக்கும். கணக்கர் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதுகில் ஒரு குத்து விழுந்தது. “பச்சை விழுந்திடுச்சு. கிளம்புங்க!”