சுவர் நோகாத சித்திரம்

நுழையும்முன்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது முதுமொழி. பள்ளிக் கண்காட்சி, பொங்கல் விழா, திருமண வீடு என எங்கும் படங்களும் காகிதத் தோரணங்களும் சுவரை நாடி வருகின்றன. விழா ஓரிரு நாள்களில் முடிந்துவிடும். ஆணித் துளையும் பசைக்கறையும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். சுவருக்கு ஊறு நேராமல் அழகுசெய்யும் முறைகளையும் அவற்றின் அறிவியல் அடிப்படையையும் இப்பாடம் விளக்குகிறது.

கரிசல் நிலத்துச் சுவர்கள்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகள் வானம் பார்த்த பூமியாகும். கண்மாய் நீரையும் பருவமழையையும் நம்பி வாழும் இம்மக்கள், அருகில் கிடைத்த மண், கல், சுண்ணாம்பு, பனைமரம் ஆகியவற்றைக் கொண்டே நெடுங்காலம் வீடு கட்டினர். சுவரின்மேல் சுண்ணாம்புக் காரை பூசிப் பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பது வழக்கம். நீற்றிய சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகும். சுவரில் பூசியபின் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. ஆண்டுதோறும் அடித்த வெள்ளை அடுக்கடுக்காகச் சேர்வதால், மேலடுக்கு கைபட்டாலே மாவாக உதிரும்.

சுவரை ஓவியத்தால் அழகுசெய்யும் விருப்பம் தமிழர்க்குப் புதிதன்று. பாண்டியன் அரண்மனைச் சுவரில் பூங்கொடி ஓவியம் விளங்கியதை நெடுநல்வாடை கூறுகிறது. அரண்மனைக்கு உரியதாக இருந்த அவ்வழகைக் குடிசைக்கும் கொண்டுவந்தது அச்சுக்கலை. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களுக்கான வண்ணச் சீட்டுகளை அச்சிட்ட சிவகாசி, நாள்காட்டி அச்சிலும் முன்னணி பெற்றது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வரைந்த தெய்வப் படங்கள் நாள்காட்டிகளின் வழியே எளியோர் இல்லங்களை அடைந்தன. ஆண்டு முடிந்ததும் நாள்காட்டியிலிருந்து படத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கண்ணாடிச் சட்டமிட்டு வணங்கியோர் பலர்.

எடையா? காற்றா?

ஒட்டிய தாள் கீழே விழுந்தால், "கனம் தாங்கவில்லை" என்று கூறுவது இயல்பு. கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை வேறாகத் தெரியும். பள்ளியில் பயன்படும் வரைபட அட்டைத்தாள் ஏறத்தாழ 56 செ.மீ. அகலமும் 71 செ.மீ. நீளமும் உடையது. ஒரு சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள தாளாயின், அதன் மொத்த எடை ஏறத்தாழ 60 கிராம்தான். ஒரு கோழிமுட்டையின் எடையே அது.

சுவரில் ஒட்டிய தாளின் எடை, சுவருக்கு இணையாகக் கீழ்நோக்கி இழுக்கிறது. இவ்விசை ஒட்டுநாடாவின் பரப்பு முழுவதிலும் பகிரப்படுவதால், சிறு நாடாவும் இதனைத் தாங்கிக்கொள்ளும். காற்று செய்வது வேறு. சன்னல் வழியே நுழையும் ஆடிக்காற்று தாளின் ஓரத்தைத் தூக்கும்போது, விசை முழுவதும் நாடாவின் விளிம்பாகிய ஒரே கோட்டில் குவிகிறது. வாழைப்பழத் தோலை உரிப்பதுபோல நாடா உரிந்துவருகிறது. எனவே நடுப்பகுதியில் பல நாடாக்களை ஒட்டுவதைவிட, நான்கு மூலைகளையும் கீழ் விளிம்பையும் காற்று புகாதவாறு படியவைப்பதே பயன்தரும்.

சுவரறிந்து ஒட்டுதல்

ஒட்டும் பொருளைத் தேர்ந்தெடுக்கும்முன் சுவரை அறிதல் வேண்டும். அதற்கு உள்ளங்கையே போதிய கருவி. உலர்ந்த கையால் சுவரைத் தேய்க்கும்போது வெண்பொடி படிந்தால், அது சுண்ணாம்புச் சுவர் அல்லது பழைய டிஸ்டெம்பர் பூசிய சுவர். அங்கு ஒட்டும் நாடா உண்மையில் சுவரைப் பற்றுவதில்லை; பொடியையே பற்றுகிறது. வலிமை குறைந்த நாடா விழுந்துவிடும். வலிமை மிகுந்த நாடாவோ எடுக்கும்போது காரையையும் பெயர்த்துக்கொண்டு வரும். இத்தகைய சுவரில் எதையும் ஒட்டாதிருப்பதே நன்று.

கையில் பொடி படியாத எமல்ஷன் வண்ணச் சுவரில் மாஸ்கிங் டேப் பொருந்தும். ஒட்டும் இடத்தை உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். மறைவான மூலையில் சிறு துண்டை ஒட்டி, ஒருநாள் கழித்து எடுத்துப் பார்த்தபின் பெரும்பணியைத் தொடங்கலாம். ஓடு பதித்த சுவர், மரக்கதவு, இரும்பு அலமாரி, கண்ணாடி ஆகியவை எளிதில் பெயராத பரப்புகள். படத்திற்கு இவற்றுள் ஓர் இடம் கிடைக்குமாயின், சுவரைத் தொடவே வேண்டியதில்லை.

இடத்தின் தன்மையும் கருதத்தக்கது. மேற்கு வெயில் தாக்கும் சுவர் சூடேறும்போது நாடாவின் பசை இளகி, தாள் மெல்லச் சரியும். உவர்நீர் ஏறிய சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்துக் காரை பொரிந்திருக்கும். இவ்விரு இடங்களையும் தவிர்த்தல் வேண்டும்.

ஆணியும் சுவருக்கு எளியதன்று. சுத்தியலின் அதிர்வு பழங்காரையைச் சுவரிலிருந்து விலக்குகிறது. பின்னர் ஆணி துருப்பிடிக்கும்போது, துரு இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வதால் துளையைச் சுற்றி விரிசல் தோன்றுகிறது.

உத்திரமும் கயிறும்

சுவரைத் தொடாமல் தொங்கவிடும் வழியை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஓட்டு வீடுகளில் பனங்கைகளும் உத்திரமும் கூரையின் சுமையைத் தாங்கின. தயிர்ப்பானை வைக்கும் உறி அவற்றிலிருந்தே தொங்கியது. திருமண வீட்டின் மாவிலைத் தோரணமும் குருத்தோலைத் தோரணமும் தூணுக்குத் தூண் கட்டிய கயிற்றில் ஆடின. சுமையைத் தாங்க வல்ல உறுப்பிடம் ஒப்படைப்பதே இம்முறையின் அடிப்படையாகும்.

இதனை இன்றும் பின்பற்றலாம். வகுப்பறையின் இரு சன்னல் கம்பிகளுக்கிடையே கயிறு கட்டி, துணி உலர்த்தும் கிளிப்புகளால் ஓவியங்களைத் தொங்கவிட்டால், நாற்பது மாணவர்தம் ஓவியங்களுக்கும் சுவரில் ஒரு துளைகூட வேண்டியதில்லை. நாள்தோறும் படங்களை மாற்றுவதும் எளிது.

சிவகாசி நாள்காட்டியும் ஒரு பாடம் கற்பிக்கிறது. மாத நாள்காட்டியின் மேல்விளிம்பில் தகரப்பட்டை ஒன்று மடித்து அழுத்தப்பட்டிருக்கும். தாளில் நேரே துளையிட்டு மாட்டினால் துளை கிழியும். தகரப்பட்டையோ இழுவிசையைத் தாளின் அகலம் முழுவதும் பகிர்ந்தளிக்கிறது. ஆண்டுதோறும் நாள்காட்டி மாறினாலும் அதற்குரிய ஆணி மாறுவதில்லை. ஆணி தவிர்க்க இயலாத இடத்திலும், முன்பே உள்ள ஓர் ஆணியைப் பலமுறை பயன்படுத்துவதே சிக்கனம். தகரப்பட்டைக்கு மாற்றாக, தாளின் மேல்விளிம்பை ஈர்க்குக்குச்சியில் சுற்றி ஒட்டி, குச்சியின் இரு முனைகளிலும் நூல் கட்டலாம்.

தெரிந்து தெளிவோம்

1925ஆம் ஆண்டு அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்டு ட்ரூ மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார். மகிழுந்துகளுக்கு இரு வண்ணம் பூசுவோர் ஒட்டிய நாடாவை எடுக்கும்போது வண்ணமும் பெயர்ந்துவந்ததைக் கண்டதே அதற்குக் காரணம். 1968இல் அதே நிறுவனத்தின் ஸ்பென்சர் சில்வர், மெல்ல ஒட்டி எளிதில் பிரியும் பசையைக் கண்டறிந்தார். பல ஆண்டுகள் பயனின்றி இருந்த அப்பசையே பின்னர் ஒட்டி எடுக்கும் குறிப்புத்தாளுக்கு அடிப்படையாயிற்று.

எடுக்கும் முறை

சுவருக்குச் சேதம் பெரும்பாலும் எடுக்கும்போதே நேர்கிறது. நாடாவை வெடுக்கென இழுத்தால் பசை விறைத்து வண்ணத்தைப் பற்றிக்கொள்ளும். மெல்ல இழுத்தால் பசை நெகிழ்ந்து விடுபடும். ஆதலின் நாடாவின் முனையை மடித்து, சுவரை ஒட்டியவாறே பொறுமையுடன் இழுத்தல் வேண்டும். இழுத்தால் நீளும் ஒட்டுப்பட்டைகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் முனையைச் சுவருக்கு இணையாகக் கீழ்நோக்கி இழுத்தால், பட்டை நீண்டு மெலிந்து சுவரிலிருந்து தானே விடுபடும். எந்த நாடாவையும் விழா முடிந்தவுடன் எடுத்துவிடுதல் நன்று. மாதக்கணக்கில் விட்டால் பசை உலர்ந்து மஞ்சள் கறையாக நிலைத்துவிடும்.

மைதாப் பசையை நீரால் நனைத்து ஊறவைத்து எடுக்கலாம். ஆயினும் அது கரப்பான், அந்துப்பூச்சி ஆகியவற்றை ஈர்க்கும். பழஞ்சுவடிகளையும் தாள்களையும் செப்பனிடும் வல்லுநர்கள் தூய மாப்பசையைப் பயன்படுத்துவதற்குக் காரணம், அதனை நீரால் மீண்டும் கரைத்தெடுக்க இயலும் என்பதே. செய்ததை மாற்ற வழி விட்டுச் செய்தல் அவர்களது தொழில்நெறியாகும்.

பொதுச்சுவர் எவர்க்கும் உரியது

வீட்டுச் சுவருக்குக் காட்டும் பரிவு பொதுச்சுவருக்கும் வேண்டும். பாண்டிய நாட்டுப் பழங்கோயில்களின் கற்சுவர்களில் கொடை, நீர்நிலை, ஊராட்சி பற்றிய கல்வெட்டுகள் உள்ளன. அவற்றின்மேல் சுவரொட்டி ஒட்டினால் பசை எழுத்தின் பள்ளங்களில் புகுந்து இறுகுகிறது. அதனைச் சுரண்டும்போது எழுத்தும் தேய்கிறது. தேய்ந்த எழுத்து வரலாற்றிலிருந்து அழிந்த எழுத்தாகும்; அதனை எவராலும் மீண்டும் எழுதிவிட முடியாது. பொதுவிடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கத் தமிழகத்தில் 1959ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது.

வாடகை வீட்டில் வாழ்வோர்க்கு ஒரு துளை முன்பணத்தில் பிடித்தமாகலாம். அரசுப் பள்ளியில் பெயர்ந்த காரை, அடுத்த ஆண்டு அவ்வகுப்பறைக்கு வரும் மாணவர்முன் அப்படியே நிற்கும். சுவரைப் பயன்படுத்துவோர் மாறிக்கொண்டே இருப்பர். தமக்குக் கிடைத்த சுவரை அடுத்தவர்க்கும் அவ்வாறே கையளித்தல், படத்தை அழகுற மாட்டுவதற்கு இணையான கலையாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வகுப்பறைச் சுவர், கதவு, அலமாரி ஆகியவற்றை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்து, எங்கு எவ்வகையில் படம் மாட்டலாம் என அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் வீட்டுப் பெரியோரிடம் தோரணம் கட்டிய முறைகளைக் கேட்டறிந்து, அவர்கள் பயன்படுத்திய பொருள்களின் வட்டாரப் பெயர்களைத் தொகுக்க.
3. சுவரில் ஆணியோ பசையோ பயன்படுத்தாமல் பள்ளி ஓவியக் கண்காட்சி ஒன்றைத் திட்டமிட்டு நடத்துக.