"கரண்ட்" வைத்தால் வலிக்குமா?

வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய். "கரண்ட் வைக்க வேண்டும்" என்கிறார்கள். உடனே வீடே கலங்கிப் போகிறது. உடம்பில் மின்சாரம் பாயுமோ? ஷாக் அடிக்குமோ?

அடிக்காது! அது மின்சாரமே அல்ல, கதிர்வீச்சு. எக்ஸ்ரே எடுக்கும்போது வலிக்கிறதா? இதுவும் அப்படித்தான். ஆனால் சக்தி பல மடங்கு அதிகம். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது. வீட்டுக்கு வந்ததும் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம்.

முகமூடி எதற்கு?

தலை அசையாமல் இருக்க, பிளாஸ்டிக் வலையை வெந்நீரில் இளக்கி, முகத்தின் அளவுக்கு முகமூடி செய்வார்கள். அதன் வழியே நன்றாக மூச்சு விடலாம். அறையில் நோயாளி தனியாக இருப்பார். ஆனால் வெளியே இருப்பவர்கள் காமிராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கையை உயர்த்தினால் நிறுத்திவிடுவார்கள். மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருந்தால் படபடப்பு குறையும். அப்படியும் பயம் தீரவில்லையா? தூக்கம் வரவில்லையா? டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் உண்டு.

வாய்ப்புண் வந்தால்...

பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 அல்லது 7 வாரம் சிகிச்சை நடக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் வாய் புண்ணாகும். எச்சில் வறளும். ருசி போகும். கழுத்துத் தோல் கறுக்கும்.

ஒரு லிட்டர் நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து, அடிக்கடி கொப்பளிக்க வேண்டும். விழுங்கக் கூடாது. காரம், புளி, வெற்றிலை, புகையிலை, மது கூடாது. குழைந்த சாதம், பாலில் ஊறிய இட்லி, முட்டை, கஞ்சி நல்லது. டாக்டரைக் கேட்காமல் கழுத்தில் எதையும் தடவக் கூடாது.

விழுங்கவே முடியாவிட்டால் மூக்கு வழியே குழாய் போடுவார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தமல்ல. உடம்பில் தெம்பு குறையாமல் இருக்கத்தான் அந்தக் குழாய்.

நடுவில் நிறுத்தாதீர்கள்!

"புண் ஆறட்டும், பிறகு போகலாம்" என்று சிலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். இது பெரிய ஆபத்து. விட்டுப்போன நாட்களில் புற்றுநோய் மீண்டும் வளர இடம் கிடைக்கிறது. வலி தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி மருந்து வாங்க வேண்டும். காய்ச்சல் வந்தாலோ, தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிகிச்சை முடிந்த பிறகும் ஓரிரு வாரம் புண் எரியும். பிறகு மெல்ல ஆறும். ருசி திரும்பச் சில மாதம் ஆகலாம். வாய் வறட்சி சிலருக்கு நெடுநாள் இருக்கும்.

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தினமும் யாராவது ஒருவர் கூடவே போய் வாருங்கள். ஒருநாள்கூடத் தவறாமல் சிகிச்சையை முடிக்க, அந்தத் துணையே பாதி பலம்!