பாறையும் பனையும்

மலையேறுவது என்றால் நம்மவர்களுக்கு ஸ்வாமி தரிசனந்தான் நினைவுக்கு வரும். உலகமோ அதை ஒரு பந்தய விளையாட்டாகவே ஆக்கிவிட்டது. 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் இது முதன்முதலாக இடம் பெற்றது. 2024-ல் பாரிஸில், 15 மீட்டர், அதாவது சுமார் 49 அடி உயரமுள்ள சுவரை 4.75 வினாடியில் ஏறித் தங்கப் பதக்கம் பெற்றவர் இந்தோனேஷியாவின் வெட்ரிக் லியோனார்டோ. அதுவரை பாட்மிண்டன் ஒன்றிலேயே ஒலிம்பிக் தங்கம் கண்டிருந்த நாடு அது. கீழ்த்திசை இளைஞர் ஒருவரால் முடிந்தது நம் இளைஞர்களால் முடியாதா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

இயற்கைப் பாறையில் இவ்விளையாட்டை நடத்துவோர், முன்கூட்டியே துளையிட்டு எஃகு ஆணிகளைப் பதித்துவிடுகிறார்கள். ஏறுகிறவர் தம் இடுப்புவாரில் முடிந்த கயிற்றை ஒவ்வோர் ஆணியிலும் கொக்கியால் மாட்டிக்கொண்டே செல்வார். கயிற்றின் மறுபக்கம் கீழே நிற்கும் சிநேகிதரின் பொறுப்பு. கால் தவறினால் உயிரைக் காப்பவர் அவரே. கர்நாடகத்துப் பாதாமியின் செம்பாறைகள் இதற்குப் பெயர் பெற்றவை.

பாதாமியில் பழகிய இளைஞர் ஒருவர் உள்ளிட்ட அறுவர், சென்ற மாசி மாதம் இடைசெவலிலிருந்து புறப்பட்டோம். கு. அழகிரிசாமியையும் கி. ராஜநாராயணனையும் தமிழுக்குத் தந்த ஊர் அது. நாங்கள் நாடிச் சென்றது, கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில், கரிசல் வெளியினின்று தனித்தெழும் கழுகுமலை.

பாறைச் சரிவில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள். அவற்றின் கீழே, செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில். அவர்களில் குரத்தியர் எனப்பட்ட சமணப் பெண் ஆசிரியர்களும் உண்டு. அப்பால், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில். ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்த சிற்பிகள், விமானத்தைப் பொலிவுறச் செய்து, அடிப்பகுதியை முடிக்காமலே விட்டிருக்கிறார்கள்.

செங்குத்தான ஒரு பாறை முகத்தைக் கண்டதும் எங்கள் இளைஞருக்குக் கை துறுதுறுத்தது. "அண்ணாச்சி, நாலே நாலு ஆணி போதும்" என்றார்.

எங்களுள் மூத்தவர், சம்சாரி, நிதானமாகச் சொன்னார்: "ஆயிரத்திருநூறு வருஷத்துக்கு முந்தி உளி வைத்தவன் கோயிலைக் கொடுத்துவிட்டுப் போனான், தம்பி. நீ உளி வைத்தால் எதைக் கொடுப்பாய்?"

கயிறு மீண்டும் பைக்குள் போயிற்று. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் ஆணி அடிப்பது சட்டத்துக்கும் விரோதமே.

மலையடிவாரத்தில் வேறொரு காட்சி காத்திருந்தது. பனையேறும் பெரியவர் ஒருவர், காலில் தளைநார் பூட்டி, மார்பை மரத்தோடு அணைத்து விறுவிறுவென்று ஏறினார். ஒலிம்பிக் சுவரைவிட உயரமான மரம். மேலிருந்து தாங்கும் கயிறு இல்லை. இறங்கியவரிடம் இளைஞர் தமது இடுப்புவாரைக் கட்டிக் காட்டினார். அவர் அதை இழுத்துப் பார்த்துச் சிரித்தார். "நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. ஒரு நாளில் எத்தனை மரம் ஏற வேண்டும்! மரத்துக்கு மரம் இதைக் கட்டி அவிழ்க்கப் பொழுது ஏது?" என்றார். பதில் சொல்ல எங்களில் எவராலும் இயலவில்லை.

இவ்விரண்டு காட்சிகளிலிருந்தும் இரண்டு கடமைகள் புலனாகின்றன. முதலாவது, நம் பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டு வேண்டும். அதற்குப் புராதனப் பாறைகள் வேண்டாம். கழற்றி மாற்றக்கூடிய பிடிகள் பொருத்திய செயற்கைச் சுவரைப் பள்ளி மைதானத்திலேயே நிறுத்தலாம். தோழன் உயிர் தன் கைக்கயிற்றில் இருக்கிறது என்பதை அறிந்த மாணவன் பொறுப்பைப் புத்தகமின்றியே கற்பான்.

இரண்டாவது, பனையை 1978-ல் மாநில மரமாக்கிய தமிழ்நாடு, அதில் ஏறுவோரையும் நினைக்க வேண்டும். நொடியில் மாட்டி நொடியில் கழற்றக்கூடிய காப்புக் கயிறு ஒன்றை அவர்களுடைய யோசனையைக் கேட்டே நம் பொறியியல் மாணவர்கள் அமைக்கட்டும். பதக்கத்துக்காக ஏறுகிறவனைக் கயிறு காக்கிறது. பிழைப்புக்காக ஏறுகிறவனையும் அது காக்கத்தான் வேண்டும்.