நீலம் ஏன் பச்சையாகவில்லை?

இணையப் பக்க வடிவமைப்பு கற்க உட்காருபவர்களுக்கு முதல் நாளே நீண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிடுகிறோம்: நிறத்துக்கு எந்தச் சொல், எழுத்தின் அளவுக்கு எது, ஓர இடைவெளிக்கு எது. அதைவிட முன்னதாகக் கற்க வேண்டியது வேறு. சொல் மறந்தால் தேடி எடுத்துக்கொள்ளலாம். ஒரே எழுத்துக்கு இரண்டு விதிகள் போட்டியிட்டால் எது செல்லும் என்று தெரியாதவர் நாள் முழுக்கத் தேடினாலும் பிழை அகப்படாது. இந்த விதிகளை எழுதும் மொழியான சிஎஸ்எஸ் என்ற பெயரின் முதல் எழுத்தே இந்தப் போட்டியைத்தான் குறிக்கிறது. 'காஸ்கேடிங்' என்றால் அருவி போல அடுக்கடுக்காக இறங்குவது.

பக்கம் முழுவதற்கும் எழுத்து பச்சை என்று ஒரு விதி எழுதிப் பாருங்கள். தலைப்பும் பத்திகளும் பச்சையாகும். இணைப்புகள் மட்டும் நீலமாகவே நிற்கும். எழுதியதில் பிழை இல்லை. பிரவுசருக்கென்று சொந்த ஸ்டைல் ஷீட், அதாவது தோற்ற விதிகளின் தொகுப்பு, உண்டு. அது இணைப்பைப் பேர் சொல்லி நீலமாக்குகிறது. பேர் சொல்லி வந்த விதி எவ்வளவு எளியதானாலும், மேலிருந்து வாரிசாக வந்த நிறத்தை வென்றுவிடும். நீங்களும் இணைப்பைக் குறித்தே பச்சை என்று எழுதினால் பிரவுசரின் விதி ஒதுங்கும். அடுத்தது எடை. பத்திகளெல்லாம் கறுப்பு, 'எச்சரிக்கை' என்ற கிளாஸ், அதாவது நாமே ஒட்டும் அடையாளப் பெயர், உள்ளவை சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். பத்தி விதியைக் கோப்பின் கடைசியில் கொண்டுபோய் வைத்தாலும் எச்சரிக்கைப் பத்தி சிவப்பாகவே இருக்கும், ஏனெனில் கிளாஸுக்கு எடை அதிகம். எடை சமமாக இருந்தால்தான் பின்னால் வந்தது வெல்லும்.

இந்த ஏற்பாடு தற்செயலாக வந்ததன்று. சேர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹோகன் வியூம் லீ 1994 அக்டோபரில் முன்வைத்த வரைவிலேயே, எழுதுபவர் விருப்பத்துக்கும் படிப்பவர் விருப்பத்துக்கும் எவ்வளவு பங்கு என்று சதவீதத்தில் குறிக்க இடம் இருந்தது. 1996 டிசம்பரில் முதல் பதிப்பு வெளியானபோது சதவீதம் போய்விட்டது, போட்டி மட்டும் நிலைத்தது. தம் விதியை 'முக்கியம்' (!important) என்று இருவருமே குறித்தால் படிப்பவரின் விதியே செல்லும் என்று 1998-இல் இரண்டாம் பதிப்பு முடிவு செய்தது. பார்வை மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் உரிமையைக் காத்த அருமையான முடிவு அது.

எல்லா விதிக்கும் 'முக்கியம்' போட்டுவிட்டால் போயிற்று என்பார்கள். போட்ட விதிகளுக்குள்ளேயே அதே எடைச் சண்டை மறுபடி தொடங்கும். பூட்ஸ்ட்ராப் போன்ற ஆயத்தத் தொகுப்பு இருக்க இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஒரு பக்கத்தை அவசரமாக எழுப்ப அது போதும். ஆனால் அதிலுள்ள பொத்தானின் நிறத்தை மாற்ற முனைந்ததும் எடை தெரிந்தாக வேண்டும். தமிழ்ப் பக்கத்தில் தேவை இன்னும் கூடுகிறது. வரி உயரம் 24 பிக்சல் என்று பக்கத்துக்கு வைத்தால், 32 பிக்சல் தலைப்பும் அதே 24-ஐ வாரிசாக வாங்கிக்கொள்ளும். இரண்டு வரித் தலைப்பில் மேல் வரி 'கூ'வின் கீழ்வளைவு கீழ் வரி 'கீ'யின் கொக்கியில் போய் முட்டும். அலகில்லாமல் வெறும் 1.5 என்று எழுதுங்கள்: வாரிசாகப் போவது அந்தப் பெருக்கெண்தான், தலைப்புக்கு 48 பிக்சல் கிடைக்கும்.