எந்த பிராண்ட் போன் நல்லது? முதல்ல மாசத்துக்கு எவ்வளவுன்னு கேளுங்க

ஆபீஸ்ல மதியம் டிபன் பாக்ஸ் திறக்கும்போது நடக்கிற சண்டை உங்களுக்கும் தெரிஞ்சதுதான். ஒருத்தர் "ஐபோன் வாங்கிட்டா அஞ்சு வருஷம் கவலையே இல்ல" என்பார். எதிர்ல இருக்கிறவர் "அந்தக் காசுக்கு மூணு ஆண்ட்ராய்டு வாங்கலாம்" என்பார். மூணாவது ஆள் ஏதோ ஒரு கம்பெனி பேரைச் சொல்லி, "அதை மட்டும் தொடாதே, எங்க அண்ணன் போன் ஒரே வருஷத்துல போயிடுச்சு" என்று முடித்துவிடுவார்.

அந்த மூணாவது ஆளா ரொம்ப நாள் இருந்தது நான்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. கைக்கு வந்த சம்பளம் 24,000. வாங்கின போன் 32,000, பதினெட்டு மாச இ.எம்.ஐ. பதினாலாவது மாசம் ஒரு காலைல எழுந்து பார்த்தா ஸ்கிரீன்ல மேலிருந்து கீழ் வரை ஒரு பச்சைக் கோடு. கீழே விழல, தண்ணி படல. வாரண்டி பன்னிரண்டு மாசத்தோட முடிஞ்சுபோச்சு. சர்வீஸ் சென்டர்ல 11,500 ஆகும்னாங்க. போன் செத்துடுச்சு, ஆனா இ.எம்.ஐ. இன்னும் நாலு மாசம் உயிரோட இருந்துச்சு! அன்னைக்கு அந்த பிராண்டைத் தலைமுழுகினேன்.

ஆனா என் சித்தி பையன் அதே மாடலை அதே தீபாவளி ஆஃபர்லதான் வாங்கினான். அது இன்னைக்கும் ஓடுது, சித்தி அதுலதான் சமையல் வீடியோ பார்க்கிறாங்க. அப்போ அந்த பிராண்ட் நல்லதா, கெட்டதா? ஒரு மாடல் லட்சக்கணக்குல விக்குது. நூத்துக்கு மூணு பழுதாகும்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கிட்டாலும், அந்த மூணுல மாட்டினவருக்கு அது நூறு சதவீதம். என் அனுபவம் உண்மை, அவன் அனுபவமும் உண்மை. ரெண்டையும் வச்சு நீங்க ஒரு முடிவும் எடுக்க முடியாது.

பெரிய பேருக்கு சறுக்காதுன்னும் நினைக்க வேண்டாம். 2016-ல சாம்சங் கேலக்ஸி நோட் 7 பேட்டரி தீப்பிடிச்சு, விமானத்துல கொண்டுபோகக் கூடாதுன்னு தடையே வந்து, கடைசியில அந்த மாடலையே நிறுத்தினாங்க. 2017 டிசம்பர்ல, பேட்டரி பழசான ஐபோன்களோட வேகத்தைத் தாங்களே குறைச்சதை ஆப்பிள் ஒத்துக்கிட்டு, பேட்டரி மாத்துற விலையைக் குறைச்சாங்க. 2025 ஜனவரியில கூகுள், பிக்சல் 4ஏ போன்களுக்கு அனுப்பின அப்டேட் சில போன்கள்ல சார்ஜ் நிக்கிற நேரத்தையே குறைச்சுது. எல்ஜி 2021-ல போன் தொழிலையே விட்டுட்டுப் போயிடுச்சு. என்னைக் கவுத்த பச்சைக் கோடு பல பிராண்டுகளோட அமோலெட் ஸ்கிரீன்ல வந்த பிரச்சனைதான். ஒன்பிளஸ் 2024-ல இந்தியாவுல இதுக்கு வாழ்நாள் வாரண்டி அறிவிச்சது. பழுது வருமா என்பதை விட, வந்தா கம்பெனி என்ன செய்யும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நம்மால வாங்குறதுக்கு முன்னாடியே பார்க்க முடிஞ்சது எது? முதல்ல அப்டேட். 2023 அக்டோபர்ல வந்த பிக்சல் 8-ல இருந்து கூகுளும், 2024 ஜனவரியில வந்த கேலக்ஸி எஸ்24-ல இருந்து சாம்சங்கும் ஏழு வருஷ அப்டேட் தர்றதா சொல்லியிருக்காங்க. ஆப்பிள் அப்படி விளம்பரம் பண்றதில்ல, ஆனா 2018-ல வந்த ஐபோன் எக்ஸ்எஸ்-க்கு 2024-ல ஐஓஎஸ் 18 வந்துச்சு. இங்க ரெண்டு இடத்துல நாம ஏமாறுவோம். ஒண்ணு, அந்த ஏழு வருஷம் அதே கம்பெனியோட எல்லா மாடலுக்கும் கிடையாது. பதினைஞ்சாயிரம் ரூபா போன் வாங்குறவங்க அந்த மாடலுக்கு எத்தனை வருஷம்னு தனியா பாருங்க. இன்னொண்ணு, கணக்கு போன் வெளியான நாள்ல இருந்து ஓடுது, நீங்க வாங்கின நாள்ல இருந்து இல்ல. ரெண்டு வருஷப் பழைய மாடலை ஆஃபர்ல வாங்கினா அந்த ரெண்டு வருஷம் ஏற்கனவே கழிஞ்சாச்சு.

"அப்டேட் வரலன்னா என்ன, போன் ஓடுதே?" ஓடும். ஆனா உங்க பேங்க் ஆப், யுபிஐ, பி.எஃப். எல்லாம் அதுலதான் இருக்கு. பாதுகாப்பு அப்டேட் நின்ன போன்ல சம்பளக் கணக்கை வச்சிருக்கிறது பூட்டு ரிப்பேரான வீட்டுல நகையை வைக்கிற மாதிரி.

அப்புறம் சர்வீஸ் சென்டர். விருதுநகர்லயோ தர்மபுரியிலயோ இருக்கிறவங்க, அந்த பிராண்டோட அதிகாரப்பூர்வ சென்டர் பக்கத்துல எங்க இருக்குன்னு வாங்குறதுக்கு முன்னாடியே தேடுங்க. ஸ்கிரீன் மாத்த எவ்வளவுன்னு போன் போட்டே கேளுங்க. இன்னொரு விஷயம்: ஐபி68-னு போட்டிருந்தாலும், தண்ணி புகுந்து பழுதானா சாதாரண வாரண்டி பொதுவா கைகொடுக்காது.

இப்போ கணக்குக்கு வருவோம். வாங்கின விலை, அதோட ரிப்பேர் செலவு, அதுல விக்கிறப்போ கிடைக்கிற தொகையைக் கழிச்சு, பயன்படுத்தின மாசத்தால வகுங்க. உதாரணத்துக்கு நானே போட்ட எண்கள் இது. 25,000 போன், மூணு வருஷம், 4,000-க்கு வித்தாச்சு: மாசம் 583. 70,000 போன், ஆறு வருஷம், நடுவுல 7,000-க்கு பேட்டரி மாத்தி, 10,000-க்கு வித்தாச்சு: மாசம் 930. அதே 70,000 போனை ரெண்டே வருஷத்துல 38,000-க்கு வித்துட்டு அடுத்ததுக்குத் தாவினா? மாசம் 1,333. "ரீசேல் வேல்யூ இருக்கு ப்ரோ"ன்னு சொல்ற நண்பர்தான் மூணு பேர்லயும் அதிகம் செலவு பண்றவர்.

ஆறு வருஷம் வச்சிருந்தும் விலை கூடின போன் மாசம் 347 ரூபா அதிகம்தான், கவனிச்சீங்களா? அந்த 347 கேமராவுக்கு, கைக்கு வர்ற பழக்கத்துக்கு, கொஞ்சம் கெத்துக்கும்னு வச்சுக்கங்க. தப்பே இல்ல. என் தங்கச்சி ஐபோன்தான் வேணும்னா. அவ கேக் செஞ்சு இன்ஸ்டாகிராம்ல விக்கிறா, போட்டோதான் அவளுக்குக் கடை. பிடிச்சிருக்குன்னு வாங்குங்க, பிடிச்சதுக்கு என்ன விலைன்னு தெரிஞ்சு வாங்குங்க. "நீடிச்சு உழைக்கும், அதான் வாங்குறேன்"னு நமக்கு நாமே கதை சொல்லிக்கிட்டு ரெண்டாவது வருஷமே மாத்தும்போதுதான் பர்ஸ் கிழியுது.

கடைசியா நோ காஸ்ட் இ.எம்.ஐ. கார்டு இ.எம்.ஐ.-ல வட்டியே இல்லைன்னு சொல்றதை ரிசர்வ் வங்கி 2013-லயே ஏத்துக்கல. பேங்க் வட்டி போடும், அந்தத் தொகையைக் கடைக்காரர் முன்னாடியே தள்ளுபடியா கழிப்பார். ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்க தலையில. பிராசசிங் ஃபீ தனி. முழுப் பணம் கட்டினா என்ன தள்ளுபடின்னு கேட்டுட்டு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. எப்படியும் இ.எம்.ஐ.தான்னா, தவணை வாரண்டி முடியறதுக்குள்ள முடியற மாதிரி போடுங்க. பதினெட்டு மாசம் போட்டவன் சொல்றேன்.

இப்போ என் கையில இருக்கிறது 26,000 ரூபா போன், மூணாவது வருஷம். ஓரத்துல கீறல் விழுந்திருக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் சார்ஜர் தேடுது. அடுத்த மாசம் பேட்டரி மாத்தப் போறேன், 2,200 கேட்டிருக்காங்க. என்ன பிராண்டுன்னு வீடியோவுலயும் சொல்லல, இங்கயும் சொல்லல. சொன்னா நாளைக்கு லஞ்ச் டேபிள்ல "அவரே அதைத்தான் வச்சிருக்கார்"னு ஆரம்பிச்சுடுவீங்க.